பதினாறு அடி ட்ரெயிலருக்கு எந்த டபுள் கெப்?

கேள்வி: ஐயா, கொட்டாஞ்சேனையில் கல்யாண மணவறை அலங்காரமும் சவுண்ட், லைட் வேலையும் செய்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் லொறி வாடகைக்குப் பிடித்து அலுத்துவிட்டது. சாமான் ஏற்றி இறக்குவதிலேயே பாதி நாள் போகிறது. பதினாறு அடி நீளம், ஏழு அடி அகலத்தில் முழுக்க மூடிய ட்ரெயிலர் ஒன்று செய்து, சாமானை அதற்குள்ளேயே வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். வத்தளையில் ஒரு பட்டறையில் விலையும் பேசியாயிற்று. இழுப்பதற்குப் பழைய டபுள் கெப் ஒன்று வாங்க வேண்டும். டொயோட்டா ஹைலக்ஸ் 2.4 லீற்றர், இசுசு டீ-மேக்ஸ் 1.9 லீற்றர், மிட்சுபிஷி எல்200 மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். எல்லாமே மூன்றரைத் தொன் இழுக்கும் என்று விற்பவர்கள் சொல்கிறார்கள். வேலை பெரும்பாலும் கொழும்பில்தான். வருடத்தில் ஐந்தாறு தடவை யாழ்ப்பாணத்துக்கும் மலையகத்துக்கும் போவேன். எதை வாங்கட்டும்? பெரிய அமெரிக்க பிக்கப் ஒன்று கிடைத்தால் நல்லதா?

பதில்:

அன்புள்ள தம்பி,

மூன்றில் எதற்கும் இப்போதைக்கு முற்பணம் கொடுக்காதீர்கள். பட்டறைக்காரரிடமும் இரண்டு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள். நீங்கள் கெப்பை முதலில் பார்க்கிறீர்கள். பார்க்க வேண்டியது ட்ரெயிலரை. அதன் அளவையும் எடையையும் முடிவு செய்துவிட்டால் எந்த கெப் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் வந்துவிடும். என் அபிப்பிராயத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: பதினாறு அடி உங்களுக்கு அதிகம். ஏன் என்று கீழே கணக்கோடு எழுதுகிறேன்.

உங்கள் சாமான் எத்தனை கிலோ என்று கடிதத்தில் இல்லை. அடுத்த வேலைக்கு லொறி பிடிக்கும்போது ஒன்று செய்யுங்கள். எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு லொறி நிறுக்கும் தராசு ஒன்றில் ஏற்றி நிறுங்கள். சாமானை இறக்கிவிட்டு வெறும் லொறியையும் நிறுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் சாமானின் எடை. மணவறைத் தூண்கள் ஃபைபர் என்பதால் கைக்கு இலேசாக இருக்கும். ஆனால் இரும்புக் குழாய்ச் சட்டங்கள், கார்பெட் சுருள்கள், பேஸ் பெட்டிகள், அம்ப்ளிஃபையர் ரேக், ஜெனரேட்டர், கேபிள் என்று சேர்ந்துகொண்டே போகும். மழையில் நனைந்த கார்பெட்டின் எடை உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் எழுதியிருக்கும் வேலையை வைத்துப் பார்த்தால் 1,500 கிலோவை நெருங்கும் என்று நினைக்கிறேன். ஆனால் நினைப்பை வைத்து ட்ரெயிலர் செய்யக்கூடாது. நிறுங்கள்.

அடுத்தது ட்ரெயிலரின் சொந்த எடை. நீங்கள் கேட்கும் இதே அளவு, அதாவது ஏழுக்குப் பதினாறு அடி, அமெரிக்காவில் சாதாரணமாக விற்பனையாகும் ஒன்று. பெரும்பாலும் இரண்டு அச்சுகளோடு, சாமானும் சேர்த்து 7,000 இறாத்தல் மொத்த எடைக்குச் செய்வார்கள். நம் கணக்கில் அது 3,175 கிலோ. அதில் வெறும் ட்ரெயிலரே 1,200 கிலோ அளவில் வரும். அங்கே மெல்லிய அலுமினியத் தகடு, ஒட்டுப்பலகை, அளந்து வைத்த இரும்புச் சட்டம் என்று எடையைக் குறைத்தே செய்கிறார்கள். நம்மூர்ப் பட்டறைகளின் கை கொஞ்சம் தாராளம். உறுதியாக இருக்கட்டும் என்று லொறிக்குப் போடும் இரும்பையே போட்டுவிடுவார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அப்படிச் செய்தால் வெறும் ட்ரெயிலர் 1,500 கிலோவைத் தொட்டுவிடும். சாமானோடு மூன்று தொன்.

இப்போது அந்த மூன்றரைத் தொன் கதைக்கு வருவோம். விற்பவர் பொய் சொல்லவில்லை. அவுஸ்திரேலியாவிலும் பிரித்தானியாவிலும் இந்த வகை கெப்களில் பலவற்றுக்கு, பிரேக் பூட்டிய ட்ரெயிலராக இருந்தால் 3,500 கிலோ என்று தயாரிப்பாளரே எழுதுகிறார். பிரேக் இல்லாத ட்ரெயிலருக்கு அதே கெப்புக்கு அதே புத்தகத்தில் இருப்பது 750 கிலோ மட்டும். இந்த இரண்டாவது எண்ணை விற்பனைக்காரர் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எல்லாக் கெப்புக்கும் ஒரே எண்ணும் அல்ல. 2015இல் வந்த எல்200க்கு அவுஸ்திரேலியாவில் 3,100 கிலோதான். ஹைலக்ஸில் கியர்ப்பெட்டியைப் பொறுத்தும், இரண்டு சக்கர இயக்கமா நான்கு சக்கர இயக்கமா என்பதைப் பொறுத்தும் எண் மாறும். ஆகவே இணையத்தில் பார்த்த எண்ணை விட்டுவிட்டு, வாங்கப்போகும் அந்த வண்டியின் கையேட்டையும் வண்டியில் ஒட்டியிருக்கும் எடைத் தகட்டையும் பாருங்கள்.

தகட்டில் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு எடைகள். கெப் தன் முதுகில் எல்லாவற்றையும் சுமந்து நிற்கும்போது எவ்வளவு இருக்கலாம் என்பது ஒன்று. கெப்பும் ட்ரெயிலரும் சேர்ந்து எவ்வளவு இருக்கலாம் என்பது மற்றது. உதாரணத்துக்கு ஒரு கெப்பின் வெறும் எடை 2,000, ஏற்றிய நிலையில் அனுமதி 3,000, ட்ரெயிலரோடு சேர்த்து அனுமதி 5,800 என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுதாக ஏற்றிய கெப்பும் மூன்றரைத் தொன் ட்ரெயிலரும் சேர்ந்தால் 6,500. அங்கேயே வரம்பு தாண்டிவிட்டது. அதாவது மூன்றரைத் தொன்னை இழுக்க வேண்டுமானால் கெப் கிட்டத்தட்ட வெறுமையாக இருக்க வேண்டும்.

உங்கள் மூன்று தொன்னுக்குப் போட்டுப் பார்ப்போம். ட்ரெயிலர் ஆடாமல் வர வேண்டுமானால் அதன் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கிப் பந்தின்மேல், அதாவது கெப்பின் பின்னால் ட்ரெயிலரை மாட்டும் உருண்டையின்மேல், அழுந்த வேண்டும். அது 300 கிலோ. இந்த 300 கெப்பின் முதுகில்தான் சேரும். அந்தப் பந்தும் அது பூட்டியிருக்கும் இழுவைப் பாரும் அவ்வளவைத் தாங்க அனுமதி உள்ளவைதானா என்பதும் கையேட்டில் இருக்கும்; பாருங்கள். நீங்களும் நான்கு பையன்களும் ஏறினால் 350. பின்னால் ஜெனரேட்டர் 150, பின்தட்டை மூடும் கெனப்பி 60. கெப்பின் வெறும் எடை 2,000த்தோடு கூட்டினால் 2,860. மிச்சம் 140 கிலோ. ரெண்டு பேஸ் பெட்டியைத் தூக்கிப் பின்னால் போட்டால் முடிந்தது. இழுக்கும் சக்தி இன்னும் மிச்சம் இருக்கும், ஆனால் சுமக்கும் சக்தி தீர்ந்துவிடும். மணவறைக்காரர்கள், கேட்டரிங்காரர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான். ஆட்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டிய தொழில் இது.

சரி, எடை இப்படி. மூடிய ட்ரெயிலருக்கு இன்னொரு சுமை உண்டு. அதைத் தராசில் ஏற்ற முடியாது. காற்று.

திறந்த ட்ரெயிலரில் ஒரு பொப்கெட்டை, அதாவது சின்ன மண் அள்ளும் இயந்திரத்தை, ஏற்றிக்கொண்டு போவதும், அதே எடையுள்ள மூடிய பெட்டியை இழுத்துக்கொண்டு போவதும் ஒன்றல்ல. உங்கள் பெட்டி நிலத்திலிருந்து எட்டரை அடி உயரம், ஏழு அடி அகலம் என்றால் அதன் முகம் ஐந்து சதுர மீற்றருக்கு மேல். கெப்பின் முகத்தைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்கில் ஏறும். 60 கிலோமீற்றரில் போனவர் 80க்கு ஏறினால், காற்றுக்கு மட்டும் செலவாகும் சக்தி இரண்டேகால் மடங்கைத் தாண்டும். 80இலிருந்து 100க்கு ஏறினால் இன்னும் இரண்டு மடங்கு. அதனால்தான் ஃபோர்ட் தன் இழுவை வழிகாட்டியில் எடையோடு ட்ரெயிலரின் முன்பரப்புக்கும் ஒரு வரம்பு போடுகிறது. நம்மூரில் யாரும் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. புத்தளம் வீதியில் ஏசியையும் போட்டுக்கொண்டு 80இல் போகும்போது எஞ்சின் சூடு முள் ஏன் ஏறுகிறது என்று பிறகு ரேடியேட்டரைக் கழற்றிப் பார்ப்பார்கள்.

எதிரே வரும் காற்று டீசலைத் தின்னும். பக்கத்தில் அடிக்கும் காற்று அதைவிட ஆபத்தானது. பதினாறு அடி நீளம், ஏழு அடி உயரமுள்ள பக்கச் சுவர் பத்துச் சதுர மீற்றர். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று அந்தச் சுவரை நூறு கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு தள்ளும். தென்மேல் பருவக்காற்று நேரத்தில் மன்னார் தாம்போதியிலோ சங்குப்பிட்டிப் பாலத்திலோ ஆனையிறவிலோ நின்று பார்த்தவருக்கு அந்தக் காற்று தெரியும். மன்னார்த் தீவில் காற்றாலைகளை நட்டிருப்பது சும்மா இல்லை. நல்லூர்த் திருவிழா வருவதும் அந்தப் பருவத்தில்தான். யாழ்ப்பாணத்தில் உங்களுக்கு அதிக வேலை இருப்பதும் அப்போதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே பெட்டியின் உள் உயரத்தை ஆறு அடியோடு நிறுத்துங்கள். ஆள் குனியாமல் நடக்க வேண்டும் என்று ஏழு அடி கேட்காதீர்கள். முகத்தைச் சப்பையாக விடாமல் கூம்பாகவோ வளைவாகவோ செய்யச் சொல்லுங்கள்.

ட்ரெயிலர் ஆடத் தொடங்கினால் என்ன செய்வது என்பதை இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அக்ஸிலேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். கெப்பின் பிரேக்கை மிதிக்காதீர்கள்; வேகத்தைக் கூட்டி இழுத்து நேராக்கவும் பார்க்காதீர்கள். பெரும்பாலும் ஆட்டம் வருவதற்குக் காரணம் ஏற்றிய விதம்தான். எடையில் அறுபது வீதம் ட்ரெயிலரின் முன்பாதியில் இருக்க வேண்டும். பேஸ் பெட்டிகளும் ரேக்கும் அச்சுக்குச் சற்று முன்னால், தரையோடு தரையாக, பட்டி போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். தூண்களும் துணியும் பின்னால் போகலாம். மண்டபத்தில் முதலில் தேவைப்படுவது சவுண்ட் என்பதால் பையன்கள் பேஸ் பெட்டியைக் கடைசியாக, கதவோரத்தில் வைப்பார்கள். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். பக்கத்தில் இன்னொரு கதவு வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

இனி பிரேக். இந்தக் கடிதத்தில் ஒன்றே ஒன்றை நீங்கள் ஞாபகம் வைப்பதானால் இதை வையுங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு விபத்தைப் பரிசோதிக்க மாவனெல்லைப் பக்கம் போனேன். கடுகண்ணாவையிலிருந்து இறங்கி வந்த டபுள் கெப் ஒன்று வீதிக்குக் குறுக்கே மடங்கி நின்றது. பின்னால் கண்காட்சிச் சாமான் ஏற்றிய மூடிய ட்ரெயிலர். கெப்பில் ஒரு குறையும் இல்லை. நல்ல எஞ்சின், நல்ல டயர், பிரேக் பேட் மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆனால் முன்சக்கரப் பிரேக் தட்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தன. ட்ரெயிலரில் பிரேக்கே இல்லை. இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட அந்தப் பெட்டி இறக்கம் முழுக்கக் கெப்பைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறது. கடைசி வளைவில் பிரேக் பிடிக்காமல் போக, பின்பக்கம் தள்ள, முன்பக்கம் திரும்பிவிட்டது. சாரதி உயிர் பிழைத்தார். பக்கத்தில் இருந்த பையனின் கால் போய்விட்டது. அந்தப் பையனுக்குப் பத்தொன்பது வயது. ட்ரெயிலர் பற்றிக் கேட்கும் ஒவ்வொருவருக்கும் நான் இதைச் சொல்வதற்கு அவன்தான் காரணம்.

இறக்கத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். கெப்பும் ட்ரெயிலரும் சேர்ந்து 5.6 தொன் என்றால், ஒவ்வொரு 100 மீற்றர் உயரம் இறங்கும்போதும் வெளியேற வேண்டிய சக்தி, பதினெட்டு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். நுவரெலியா 1,868 மீற்றரில் இருக்கிறது. அங்கிருந்து ஹட்டன், கினிகத்தேனை, கித்துல்கல வழியாகக் கொழும்புக்கு இறங்கி வரும்போது முந்நூறு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் வெப்பத்தை நீங்கள் எங்கேயோ கொட்டியாக வேண்டும். அதில் ஒரு பகுதியைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் தாங்க வேண்டும், அதாவது ஏறும்போது போட்ட கியரிலேயே இறங்க வேண்டும். அப்படியும் மிஞ்சுவதைத்தான் பிரேக்குக்குக் கொடுக்கலாம். அந்தப் பிரேக் கெப்பின் நான்கு சக்கரத்தில் மட்டும் இருக்கக்கூடாது.

ட்ரெயிலர் பிரேக்கில் இரண்டு வகை புழக்கத்தில் இருக்கிறது. ஒன்றில், கெப் வேகம் குறையும்போது ட்ரெயிலர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலே ஒரு தண்டை உள்ளே நகர்த்தி, கேபிளை இழுத்து, ட்ரெயிலரின் பிரேக்கைப் பிடிக்கும். கரண்ட் தேவையில்லை, எளிமையானது. ஆனால் நீண்ட இறக்கத்தில் ட்ரெயிலர் தள்ளிக்கொண்டே இருப்பதால் அந்தப் பிரேக்கும் விடாமல் பிடித்துச் சூடாகும். மற்றது மின்சார பிரேக். சாரதியின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். நீங்கள் மிதிப்பதற்கு ஏற்ப ட்ரெயிலரின் பிரேக்கை அது பிடிக்கும். ட்ரெயிலர் ஆடினால் அதிலுள்ள பிடியை அழுத்தி ட்ரெயிலரை மட்டும் பிடிக்கலாம், ஆட்டம் நேராகிவிடும். மலையகம் போகிறவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். அவுஸ்திரேலியாவில் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட ட்ரெயிலர் என்றால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் இருக்க வேண்டும், கொக்கி கழன்று ஓடினால் அது தானாகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும் என்பது சட்டம். அதே ஏற்பாட்டை நீங்களும் செய்யுங்கள். வத்தளைப் பட்டறையில் இதற்கெல்லாம் பிரேக் எதற்கு என்று கேட்டால், அந்த இடத்தை விட்டு எழும்பி வந்துவிடுங்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

கொக்கி விஷயத்தில் இரண்டு சொல்ல வேண்டும். பின் பம்பரில் வெல்டிங் செய்து ஒட்டிய பந்து அழகுக்குத்தான். இழுவைப் பார் சேஸியின் இரண்டு பக்கச் சட்டங்களிலும் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். அப்புறம், பந்தின் அளவு. அமெரிக்க அளவு 2 அங்குலம், அதாவது 50.8 மில்லிமீற்றர். ஐரோப்பிய, அவுஸ்திரேலிய அளவு 50 மில்லிமீற்றர். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் இரண்டும் ஒரே தட்டில் கிடந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. 50 பந்தில் ட்ரெயிலரின் 2 அங்குலத் தலையை மாட்டினால் பொருந்தியதுபோல இருக்கும். குண்டும் குழியுமான வீதியில் ஒருநாள் எகிறிவிடும். பந்தின்மேல் பொறித்திருக்கும் அளவை வாசித்துத்தான் வாங்க வேண்டும். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கொக்கிக்குக் கீழே குறுக்காக மாட்டுங்கள். ட்ரெயிலருக்கு ரீபில்ட் டயர் போட வேண்டாம்.

அமெரிக்க பிக்கப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே இழுவை எடையைத் தீர்மானிக்க ஒரு பொது முறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுப் பக்கம் பதினெட்டுக் கிலோமீற்றர் ஏற்றம் ஒன்றில், கோடை வெயிலில், ஏசியை முழுதாகப் போட்டுக்கொண்டு, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் வண்டி ஏறிக் காட்ட வேண்டும். ஃபோர்ட் எஃப்-150 போன்ற பிக்கப்கள் அப்படி ஏறுபவைதான். உங்கள் ட்ரெயிலர் அவற்றுக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆனால் எஃப்-150 இடக்கை ஸ்டியரிங் வண்டி. கண்ணாடிகள் இல்லாமலே இரண்டு மீற்றருக்கு மேல் அகலம், ஹைலக்ஸ் 1.85 மீற்றர்தான். செட்டியார் தெருவிலும் கொட்டாஞ்சேனைச் சந்துகளிலும் அதை ஓட்டித் தொழில் செய்ய முடியாது. உதிரிப்பாகமும் பஞ்சிகாவத்தையில் கிடைக்காது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

இப்போது நீங்கள் பார்த்து வைத்த மூன்றும். டீ-மேக்ஸ் 1.9 நல்ல வண்டி. முறுக்குவிசை, அதாவது எஞ்சின் சுழற்றும் பலம், 350 நியூட்டன் மீற்றர். பிரித்தானியாவில் அதற்கும் 3,500 கிலோதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நம் வெயிலில், மூன்று தொன் மூடிய பெட்டியோடு, கினிகத்தேனை ஏற்றத்தில் அந்தச் சிறிய எஞ்சினை நாள்தோறும் வருத்துவது எனக்குச் சம்மதமில்லை. ஹைலக்ஸ் 2.4 இல் 400, கொஞ்சம் பரவாயில்லை. எல்200 கொழும்புக்கு வசதியானது, திருப்புவதற்கு இலேசு, ஆனால் 3,100 வரம்பில் உங்களுக்கு மூச்சுவிட இடமே இருக்காது. மூன்று தொன்தான் என்று நீங்கள் பிடிவாதமாக நின்றால், நான் சொல்வது ஹைலக்ஸ் 2.8, டீ-மேக்ஸ் 3.0, ஃபோர்ட் ரேஞ்சர் 3.2 இந்த மூன்றில் ஒன்று. நிசான் நவாராவின் 2.3 எஞ்சினும் பலமானதுதான். ஆனால் அதன் புதிய வடிவத்தில் பின்னால் சுருள் ஸ்பிரிங். பயணத்துக்குச் சொகுசு, முதுகில் 300 கிலோ அழுத்தும் வேலைக்கு எனக்குப் பழைய பட்டை ஸ்பிரிங்தான் பிடிக்கும்.

கியர் ஓட்டோவா மெனுவலா என்றால், நம்மவர்கள் பாரம் என்றதும் மெனுவல் என்பார்கள். நான் ஓட்டோ என்பேன். மண்டப வாசல் மேட்டில் ட்ரெயிலரை அங்குலம் அங்குலமாகப் பின்னால் தள்ளும்போது கிளச் எரிகிற மணம் எனக்கு நன்றாகத் தெரியும். ஒன்று மட்டும்: ஓட்டோ கியர் எண்ணெய்க்குத் தனிக் குளிரூட்டி பூட்ட வேண்டும், எண்ணெயை வழக்கத்தைவிட முன்னதாகவே மாற்ற வேண்டும்.

2020இல் இறக்குமதி நின்று 2025இல் மறுபடி திறக்கும்வரை இங்கே ஓடிய கெப்கள்தான் சுற்றிச் சுற்றிக் கைமாறின. அதனால் பழைய வண்டி வாங்கும்போது வழக்கத்தைவிடக் கவனம் தேவை. பின்பக்கச் சேஸியில் வெல்டிங் அடையாளம் இருக்கிறதா, இழுவைப் பார் இருந்த ஓட்டைகள் நீண்டு போயிருக்கிறதா என்று படுத்துப் பாருங்கள். முகத்துவாரம், நீர்கொழும்பு போன்ற கடற்கரைப் பக்கம் நின்ற வண்டி என்றால் துருவையும் பாருங்கள். கியர் எண்ணெய் கறுத்து, கருகிய மணம் வந்தால் வேண்டாம். ஏசி போட்டு அரை மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

பத்திர விஷயங்கள் சுருக்கமாக. ட்ரெயிலருக்கென்று தனிப் பதிவும் இலக்கத் தகடும் வேண்டும். பட்டறையில் வேலை தொடங்குமுன் வரைபடத்தோடு நாரஹேன்பிட்டியில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போய் எந்த அளவுகளுக்குப் பதிவு தருவார்கள் என்று கேளுங்கள். செய்து முடித்த பிறகு போனால் வெட்டி ஒட்ட வேண்டி வரும். சாதாரண பி வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரத்துக்கு ட்ரெயிலர் எடையில் வரம்பு உண்டு. உங்கள் எடைக்கு எந்த வகுப்பு வேண்டும் என்பதை வெரஹெர அலுவலகத்தில் எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதிப் பத்திரத்தில் ட்ரெயிலர் இழுப்பதும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விபத்தன்று அது வெறும் காகிதம்.

உங்களிடம் இன்னொரு வழியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பதினாலரை அடி ஃபுல் பொடி லொறி. அதே பணத்துக்கு அக்கம்பக்கத்தில் வரும். உங்கள் 1,500 கிலோவைச் சிரமமில்லாமல் தூக்கும், பிரேக் அந்த எடைக்கென்றே செய்தது, ஆடாது, பின்னால் எடுப்பதற்குத் தனிப் பயிற்சி வேண்டாம். கெப்பும் பதினாறு அடிப் பெட்டியும் இழுவைத் தண்டும் சேர்ந்தால் பதினோரு மீற்றருக்கு மேல் நீளம். கிட்டத்தட்ட ஒரு பெரிய பஸ். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் அதைத் திருப்புவதை ஒருமுறை கற்பனை செய்து பாருங்கள். லொறி என்றால் சாமான் அதிலேயே கிடக்கட்டும் என்ற உங்கள் விருப்பமும் நிறைவேறும்.

ட்ரெயிலர் ஜெயிக்கும் இடம் ஒன்றே ஒன்று. பெட்டியை மண்டபத்தில் கழற்றி விட்டுவிட்டு, கெப்பை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்கு ஓட முடிவது. ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம் வைத்திருப்பவருக்கு அது பெரிய வசதி. உங்களுக்கு அப்படி இருந்தால் ட்ரெயிலரே செய்யுங்கள். ஆனால் பன்னிரண்டு அடியில், ஆறரை அடி அகலத்தில், உள்ளே ஆறடி உயரத்தில், இரண்டு அச்சும் மின்சார பிரேக்குமாக. எல்லாம் சேர்த்து 2,200 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மணவறைச் சட்டங்களை மட்டும் அதில் நிரந்தரமாக வையுங்கள். சவுண்ட் சாமானில் பாதி கெப்பின் பின்னால் போகட்டும். பந்தின்மேல் அழுத்தம் 220 ஆகக் குறைந்துவிடுவதால் அதற்கு இடம் வரும். அந்த அளவுக்கு நீங்கள் பார்த்து வைத்த ஹைலக்ஸ் 2.4 போதும். 2.8க்குக் கூடுதலாகக் கொடுக்கவிருந்த பணத்தில் பிரேக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியும் கியர் குளிரூட்டியும் பூட்டலாம். இரண்டு மூன்று ஞாயிறு காலைகளில் ஏதாவது வெறும் மைதானத்தில் பின்னால் எடுத்துப் பழகுங்கள். பையன்களில் ஒருவனுக்கும் பழக்குங்கள்.

லொறியா ட்ரெயிலரா என்று உங்கள் போன வருட வேலைப் புத்தகத்தைப் புரட்டினால் தெரியும். ஒரே நாளில் இரண்டு வேலை எத்தனை தடவை வந்தது என்று எண்ணுங்கள். சாமானை நிறுத்து அந்த எடையையும், ஹைலக்ஸின் எடைத் தகட்டை ஒரு படம் எடுத்தும் எனக்கு அனுப்புங்கள். உங்கள் ட்ரெயிலரின் அச்சு எந்த இடத்தில் வர வேண்டும் என்று கணக்குப் போட்டு, பட்டறைக்காரரிடம் கொடுக்கக்கூடிய விதமாக எழுதித் தருகிறேன்.